துறைமுகத்தின் கோரிக்கையும் ஊரின் கோரிக்கையும்

(மும்பை, செம்பூர் திலக் நகரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



துறைமுகத்தைப் பற்றிப் பேசத் திலக் நகர் பொருத்தமான இடம்தானா என்று அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர் கேட்டார். இங்கிருந்து கடல் தெரியாது என்பது உண்மைதான். ஆனால் நாம் அன்றாடம் ஏறி இறங்கும் லோக்கல் வண்டியின் பாதைக்குப் பெயரே ஹார்பர் லைன். டாக்யார்டு ரோடு, ரே ரோடு, காட்டன் கிரீன், சிவ்ரி, வடாலா என்று துறைமுக நிலத்தை ஒட்டியே அது வருகிறது. குர்லாவைத் தாண்டித் திலக் நகர் வழியாகச் செம்பூருக்குப் போகும் துண்டு 1906-இல் போடப்பட்டது. எதற்காக? நகரத்தின் குப்பையை ரயிலில் ஏற்றி இந்தப் பக்கம் அனுப்புவதற்காக. மனிதர்களை ஏற்றத் தொடங்கியது 1924-இல்தான். துறைமுகத்தால் செழித்த நகரம் தன் கழிவைக் கொண்டுவந்து கொட்டிய திசையில் நாம் குடியிருக்கிறோம். இன்று நான் சொல்ல வந்ததில் பாதி இந்தத் திசையைப் பற்றியது.

மறுபாதி, துறைமுகம் யாரிடம் என்ன கேட்கும் என்பது. அமெரிக்காவில் சியாட்டில் துறைமுக ஆணையம் என்று ஒன்று உண்டு. 1911-இல் அந்த வட்டாரத்து வாக்காளர்களே வாக்களித்து உண்டாக்கியது. அதன் ஐந்து ஆணையர்களையும் இன்றுவரை மக்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். கப்பல்துறை, விமான நிலையம் இரண்டும் அதன் பொறுப்பு. பயணம், வணிகம் இரண்டிலும் அமெரிக்க ஒன்றிய அரசு தனக்கு என்ன செய்து தர வேண்டும் என்று இந்த ஆணையம் பகிரங்கமாகவே கோரிக்கை வைக்கும். குடியேற்றச் சோதனைக்கு ஆள் போதவில்லை, இன்ன நாட்டுச் சரக்குக்குப் போட்ட வரியால் எங்கள் விவசாயிகளின் ஏற்றுமதி படுத்துவிட்டது என்று வெளிப்படையாகச் சொல்லும். 1986-இல் வந்த சட்டத்தின்படி அமெரிக்காவில் இறக்குமதிச் சரக்கின் மதிப்பில் துறைமுகப் பராமரிப்பு வரி பிடிக்கிறார்கள்; இப்போதைய விகிதம் 0.125 சதவீதம். ஆழம் தோண்டுவதற்கான பணம் அது. சியாட்டிலுக்கு இயற்கையிலேயே ஆழம் உண்டு. எனவே அங்கே வசூலாகும் பணம் வேறு ஊர்த் துறைமுகங்களைத் தோண்டப் போகிறது. அந்த வரியைத் தவிர்க்கச் சில வணிகர்கள் கனடா வழியாகவே சரக்கை இறக்கிக்கொள்கிறார்கள். இந்தக் கணக்கை அந்த ஊர்க்காரர்கள் பல ஆண்டுகளாக விடாமல் சொல்லி வருகிறார்கள்.

நம் மும்பைத் துறைமுகம் இப்படி ஒரு கோரிக்கைப் பட்டியலை வெளியிடுமா? வெளியிடாது. காரணம் எளிது. மும்பைத் துறைமுகம் தில்லிக்குச் சொந்தம். அரசியல் சாசனத்தின் ஏழாம் அட்டவணையில், ஒன்றியப் பட்டியலின் 27-ஆம் பதிவு பெருந்துறைமுகங்களை முழுக்க ஒன்றிய அரசிடம் கொடுத்துவிட்டது. மீதித் துறைமுகங்கள் பொதுப்பட்டியலில் 31-ஆம் பதிவாக இருக்கின்றன. நாட்டில் இப்போது இயங்கும் பெருந்துறைமுகங்கள் பன்னிரண்டு. மகாராஷ்டிரத்தில் மும்பை, ஜவாஹர்லால் நேரு என்று இரண்டு. தமிழ்நாட்டில் சென்னை, எண்ணூர் காமராஜர், தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் என்று மூன்று. இந்தத் துறைமுகங்களின் தலைவர்களை நியமிப்பது ஒன்றிய அரசு. கொள்கை விஷயத்தில் அது இடும் ஆணைக்குத் துறைமுக வாரியம் கட்டுப்பட வேண்டும். எது கொள்கை விஷயம் என்பதையும் அதுவே முடிவு செய்யும். வீட்டுக்காரரே வாடகைதாரராகவும் இருக்கும்போது குழாய் ஒழுகுகிறது என்று யார் யாருக்கு மனு எழுதுவது?

எழுதத்தான் ஆள் வேண்டும் என்பது என் கட்சி. துறைமுகம் எழுதாது என்றால் ஊர் எழுத வேண்டும்.

இந்த அதிகாரப் பங்கீட்டை விளக்க வழக்கறிஞர் யாரும் தேவையில்லை. பாவுச்சா தக்காவில் லாஞ்ச் ஏறிப் பாருங்கள், போதும். 1841-இல் லட்சுமண் ஹரிச்சந்திர அஜிங்க்யா என்ற ஒப்பந்தக்காரர் கட்டிய துறை அது. அவரை 'பாவு' என்று அழைத்ததால் துறைக்கும் அந்தப் பெயர். இன்று அது மும்பைத் துறைமுக ஆணையத்தின் இடம், அதாவது ஒன்றிய அரசின் இடம். நீங்கள் போய் இறங்கும் மோராவோ ரேவாஸோ மகாராஷ்டிர மாரிடைம் போர்டின் இடம், அதாவது மாநில அரசின் இடம். டிக்கெட் ஒன்றுதான், வழியில் ஒன்றியப் பட்டியலிலிருந்து பொதுப்பட்டியலுக்குக் கடல் தாண்டிவிடுகிறீர்கள். மோராவில் தண்ணீர் வற்றும் நேரத்தில் லாஞ்ச் துறைக்கு வராது. சேறு தூர்ந்து கிடக்கும். உரணுக்குப் போக வேண்டியவர்கள் கடலைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பார்கள். இந்தக் கரையில் கேட்டால் அது அந்தக் கரையின் வேலை. அந்தக் கரையில் கேட்டால் தூர்வார நிதி வரவேண்டும். 2024 டிசம்பர் 18-ஆம் தேதி எலிஃபெண்டாவுக்குப் போன 'நீல்கமல்' படகின் மீது கடற்படையின் வேகப் படகு மோதி 15 பேர் இறந்தார்களே, அப்போதும் கேள்வி சுற்றிச் சுற்றி இங்கேதான் வந்தது. உரிமம் தருவது ஒருவர், கப்பல் போக்குவரத்தை நடத்துவது ஒருவர், அதே நீரில் சோதனை ஓட்டம் நடத்துவது இன்னொருவர்.

இப்போது வேறொரு கட்டடத்துக்கு வாருங்கள். 2025 செப்டம்பர் 20 அன்று பிரதமர் திறந்துவைத்த மும்பை சர்வதேச குரூஸ் டெர்மினல். ஆண்டுக்குப் பத்து லட்சம் பயணிகள் வரலாம் என்று திட்டம். செக்-இன், இமிக்ரேஷன் கவுண்டர்கள் மட்டும் 72. ஒரே நேரத்தில் ஐந்து கப்பல்கள் நிற்கலாம். 2024-இல் தொடங்கிய 'குரூஸ் பாரத்' இயக்கத்தின் இலக்கு ஐந்தாண்டில் பயணிகளை இரட்டிப்பாக்குவது. நல்ல காரியம்தான், நான் அதற்கு எதிரி இல்லை. கவுண்டரில் உட்காருபவர், விசா தருபவர், வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் நம் கரைக்குள்ளேயே பயணி ஏற்றலாமா என்று முடிவு செய்பவர் எல்லோரும் ஒன்றிய அரசைச் சேர்ந்தவர்கள் என்பதால் அங்கே வேலை ஒரே எசமானரின் கீழ் நடந்தது. அதே துறைமுகத்தின் நீரில், வேலைக்குப் போகிறவர்களும் மீன்கூடைக்காரர்களும் ஏறும் லாஞ்சுக்கு மட்டும் இரண்டு எசமானர்கள்.

கடல் பயணம் பற்றிய கொள்கை எப்போதுமே தில்லியில் இருந்துதான் வந்திருக்கிறது. அது போகும் திசையைப் பொறுத்து ஏழைகள் கப்பலேறுவார்கள் அல்லது கரையில் நிற்பார்கள். ஹஜ் கப்பலை நினைவுள்ளவர்கள் இந்த அரங்கில் இருப்பீர்கள். 'அக்பர்' கப்பல் பம்பாயிலிருந்து ஜித்தாவுக்குப் போய்வந்தது. தெற்கே இருந்து வந்த ஹாஜிகள் முசாஃபிர்கானாவில் தங்கி, இங்கேதான் கப்பலேறினார்கள். 1995-இல் கடல்வழி நிறுத்தப்பட்டது. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குப் போய்க்கொண்டிருந்த 'சிதம்பரம்' 1984 பிப்ரவரியில் தீப்பிடித்தது. அதோடு அந்தப் பாதையும் முடிந்தது. தனுஷ்கோடி–தலைமன்னார் போட் மெயிலை 1964 புயல் கொண்டுபோனது. தூத்துக்குடி–கொழும்பு கப்பலை 2011-இல் மறுபடி விட்டார்கள். சில மாதங்களில் நின்றது. நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் திரும்ப வந்தது. கப்பல் விடுவதற்குப் பிரதமர் கொடியசைக்கிறார். அது ஓடிக்கொண்டே இருப்பதற்கு யார் பொறுப்பு என்றால் பதில் இல்லை.

தூத்துக்குடி என்றதும் வ.உ.சி.யைச் சொல்லாமல் போக முடியுமா? அதுவும் திலகர் பெயர் தாங்கிய நகரில் நின்றுகொண்டு. வ.உ.சி. திலகரைத் தம் அரசியல் குருவாக வரித்தவர். பின்னாளில் கொழும்பு 'வீரகேசரி'யில் திலகரின் வாழ்க்கையைத் தொடராக எழுதியவர். 1906-இல் அவர் சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கியபோது முதல் பத்து லட்சம் ரூபாய். ஒரு பங்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். சொந்தக் கப்பல் கிடையாது. பம்பாயின் ஷா லைன் கம்பெனியிடம் கப்பலை வாடகைக்கு எடுத்தார்கள். பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி ஷா லைனை நெருக்கியது. வாடகைக் கப்பல் திரும்பிப் போயிற்று. வ.உ.சி. பம்பாய்க்கு வண்டியேறினார், கப்பலோடுதான் ஊர் திரும்புவேன் என்று. திலகரின் ஆதரவும் இங்கிருந்த வணிகர்களின் பணமும் கைகொடுத்தன. 1907-இல் 'காலியோ'வும் 'லாவோ'வும் தூத்துக்குடித் துறையில் வந்து நின்றன.

இந்தக் கதையின் அடுத்த பகுதியை நாம் வீரக் கதையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். எதிரிக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது, கடைசியில் இலவசமாக ஏற்றியது, குடையும் கொடுத்தது என்றெல்லாம். அதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. கட்டணப் போட்டியைச் சுதேசிக் கம்பெனி தாக்குப்பிடித்திருக்கக் கூடும். துறையிலும் தாலுக்காவிலும் உட்கார்ந்திருந்த அதிகாரிகள் எதிரிக் கம்பெனியின் பக்கம் சாய்ந்திருந்தார்கள்; அந்தச் சாய்வைத் தாக்குப்பிடிக்கத்தான் முடியவில்லை. சப்-கலெக்டர் ஆஷ் அந்தச் சாய்வின் முகம். 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார், ஜூலையில் ஆயுள் தண்டனை. சங்கம் கலைந்தது, 'காலியோ' கடைசியில் போட்டிக் கம்பெனியின் கைக்கே போனது. மணியாச்சியில் ஆஷ் சுடப்பட்டது 1911 ஜூன் 17. துறைமுகத்தில் யார் பக்கம் சட்டம் நிற்கிறது என்பதைப் பொறுத்தே யார் கப்பல் மிதக்கும் என்பது முடிவாகிறது. பெயர் மட்டும் பிற்பாடு வந்து சேர்ந்தது: தூத்துக்குடித் துறைமுகத்துக்கு இன்று வ.உ.சி.யின் பெயர்.

சட்டம் துறைமுகத்துக்குள் என்னவெல்லாம் வளர்க்கும் என்பதற்கு நம் பம்பாயிலேயே இன்னொரு சான்று உண்டு; கொஞ்சம் கூச்சமான சான்று. இராமநாதபுரம் மாவட்டத்துப் பனைக்குளத்துக்காரரான மஸ்தான் மிர்சா இங்கே துறைமுகத்தில் சுமை தூக்கியவர். பின்னாளில் ஹாஜி மஸ்தான் என்று நாடறிந்த பெயர். சினிமாவில் நாம் அவரைக் கதாநாயகனாக்கினோம். அவரை உருவாக்கியது இறக்குமதிக் கொள்கை என்று எந்தப் படமும் சொல்லவில்லை. ரேடியோ, கைக்கடிகாரம், எல்லாவற்றுக்கும் மேல் தங்கம், இவை நேர்வழியில் வரக்கூடாது என்று தில்லி கதவைச் சாத்தியது. 1968-இல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம். ஊரில் கல்யாணம் நிற்குமா? தங்கம் பின்வாசல் வழியாக வந்தது. 1974-இல் கடத்தல் தடுப்புக் காவல் சட்டம் போட்டு ஆட்களைப் பிடித்தார்கள். 1990-இல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை எடுத்ததும், அதைத் தொடர்ந்து இறக்குமதியைத் திறந்ததும் அந்தத் தொழிலின் முதுகெலும்பை முறித்தன. துப்பாக்கியும் காவல் சட்டமும் செய்யாததைச் சுங்க விகிதம் செய்தது. 2024 ஜூலை பட்ஜெட்டில் தங்கத்தின் மீதான வரியை 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைத்ததற்கும் கடத்தல்தான் ஒரு காரணம்.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். சரக்கைச் சுங்கத்தில் விடுவிக்கும் கிளியரிங் ஆபீஸில் என் உழைப்புக் காலம் கழிந்தது. அப்போது எல்லாம் பல்லார்டு எஸ்டேட். இப்போது எல்லாம் நாவாஷேவா. 1873-இல் பம்பாய் போர்ட் டிரஸ்ட் உண்டானது. 1875-இல் ஸசூன் டாக், 1880-இல் பிரின்ஸஸ் டாக், பிறகு விக்டோரியா, 1914-இல் அலெக்ஸாண்ட்ரா என்று துறைமுகம் விரிந்தது. 1944 ஏப்ரல் 14 வெடிவிபத்தில் விக்டோரியா டாக் சிதறியும் நகரம் எழுந்தது. கன்டெய்னர் வந்தபோதுதான் உட்கார்ந்தது. நகரத்துக்கு நடுவில் பெட்டி அடுக்க இடம் இல்லை, லாரி போக வழி இல்லை. 1989-இல் எதிர்க்கரையில் நாவாஷேவா, அதாவது ஜவாஹர்லால் நேரு துறைமுகம், திறந்தது. 2024–25-இல் அங்கே கையாண்ட கன்டெய்னர் 73 லட்சம் டி.இ.யு., அதாவது இருபதடிப் பெட்டிக் கணக்கில். மும்பைத் துறைமுகத்துக்கு மிஞ்சியவை முதன்மையாக எண்ணெய், பிறகு இரும்பு, ஏற்றுமதிக் கார், அப்புறம் நிலம்.

தாராவியில் தோல் பை தைக்கும் சிறு முதலாளி ஒருவர் சீனாவிலிருந்து பக்கிள் வரவழைக்கிறார் என்று வையுங்கள். பெட்டி வெள்ளிக்கிழமை இறங்குகிறது. கிளியரிங்காரர் பில் ஆஃப் என்ட்ரி போடுகிறார். 2020 முதல் சுங்க மதிப்பீடு முகமற்றதாகிவிட்டது. நாவாஷேவாவில் இறங்கிய சரக்கின் பில்லைச் சென்னையிலோ விசாகப்பட்டினத்திலோ உள்ள அதிகாரி திரையில் பார்ப்பார். மேசைக்கு அடியில் நடந்தவை பல இதனால் ஒழிந்தன. அதை மனமார வரவேற்கிறேன். ஆனால் வெள்ளி மாலை 'இந்தப் பக்கிள் 8308-இல் வருமா?' என்று ஒரு கேள்வி விழும். பதில் போட்டால் திங்கட்கிழமைதான் பார்ப்பார்கள். அதற்குள் துறைமுகத்தின் இலவச நாள் தீர்ந்து டெமரேஜ் ஓடத் தொடங்கும். பெட்டியைத் திருப்பித் தரும் நாள் தாண்டினால் கப்பல் கம்பெனி டிடென்ஷன் கேட்கும், அதுவும் டாலரில். கேள்வி கேட்டது அரசு, தாமதம் அரசினுடையது, பணம் கட்டுவது பை தைப்பவர். பெரிய கம்பெனிகளுக்கு நேரடி டெலிவரி உண்டு, தரக்குறி உண்டு, தில்லியில் பேச ஆளும் உண்டு. ஒரு பெட்டியில் பாதி இடம் எடுக்கிறவருக்கு எதுவும் கிடையாது. அமெரிக்கா 2022-இல் கப்பல் சீர்திருத்தச் சட்டம் ஒன்று போட்டு, இந்தக் கட்டணம் நியாயமானது என்று நிரூபிக்கும் பொறுப்பைக் கப்பல் கம்பெனியின் தலையில் வைத்தது. இங்கே ஊரடங்கு நேரத்தில் டிடென்ஷன் வாங்காதீர்கள் என்று கப்பல்துறை இயக்ககம் 2020-இல் அறிவுறுத்தியதோடு சரி. அந்த இயக்ககம் இருப்பது வேறெங்கோ இல்லை, நம் காஞ்சூர்மார்கில்தான்.

தாராவியிலிருந்து போகும் பைக்கும் இதே கதி. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டதும் ஆம்பூர், திருப்பூர் என்று செய்தி வந்தது. தாராவி வந்ததா? ஏற்றுமதியாளர் பெயரில் சரக்கு போகிறது. தைத்தவர் கணக்கில் வருவதில்லை.

தளவாடச் செலவு, அதாவது சரக்கை நகர்த்தவும் சேமிக்கவும் ஆகும் செலவு, பற்றி ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். நம் நாட்டில் அது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 13, 14 சதவீதம் என்று எத்தனையோ கருத்தரங்கில் கேட்டோம். 2022-இன் தேசியத் தளவாடக் கொள்கையும் அதைக் குறைக்கத்தான் வந்தது. 2025-இல் அரசு வெளியிட்ட மதிப்பீடு 2023–24-க்கு 7.97 சதவீதம் என்கிறது. ஒன்றிரண்டு ஆண்டில் பாதியாகக் குறைந்துவிடவில்லை. முன்பு எவரும் ஒழுங்காக அளக்கவில்லை, அவ்வளவுதான். அளக்காத எண்ணை வைத்துப் பதினைந்து ஆண்டு கொள்கை பேசியிருக்கிறோம்.

சரி, அந்த அளவில் நமக்குத் தெற்கே இருக்கும் மாஹுலின் மூச்சு சேர்ந்திருக்கிறதா?

நம் கட்டடங்களின் மேல்மாடியில் நின்று தெற்கே பாருங்கள். சுத்திகரிப்பு ஆலைகளின் புகைபோக்கிகள், உரத்தொழிற்சாலை, உருண்டைத் தொட்டிகள். மும்பைத் துறைமுகத்தின் எண்ணெய்த் துறைகளான ஜவாஹர் த்வீபிலும் பீர்பாவிலும் கப்பல் இறக்கும் எண்ணெயும் ரசாயனமும் குழாய் வழியாக இங்கேதான் வருகின்றன. ஆர்.சி. மார்கில் டேங்கர் வரிசை நின்றால் செம்பூர் நாகா வரை தெரியும். மாஹுலும் அம்பாபாடாவும் கோலி மீனவர்களின் பழைய ஊர்கள். அவர்கள்தான் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். 2020 ஆகஸ்டில் தீர்ப்பாயம் இந்துஸ்தான் பெட்ரோலியம், பாரத் பெட்ரோலியம், ஏஜிஸ் லாஜிஸ்டிக்ஸ், சீ லார்டு கன்டெய்னர்ஸ் ஆகிய நான்கு நிறுவனங்களுக்குச் சேர்த்து ஏறத்தாழ 286 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. அதில் பாதி, சுமார் 142 கோடி, ரசாயனம் இறக்கிச் சேமிக்கும் ஏஜிஸின் பங்கு. காற்றில் கலந்த ஆவிக்குக் கணக்குப் போட்டுச் சொன்ன தொகை அது. தான்சா குழாய்ப் பாதையிலிருந்து அகற்றிய குடும்பங்களை மாஹுலில் கொண்டுபோய் வைத்த விவகாரத்தில், அங்கே போகச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது, வாடகை கொடுங்கள் என்று 2019-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் சொல்லவேண்டி வந்தது.

இந்த எண்ணெய்த் துறைகளை நடத்தும் வாரியத்தில் யார் இருக்கிறார்கள்? 2021-ஆம் ஆண்டின் பெருந்துறைமுக ஆணையங்கள் சட்டத்தைப் படித்துப் பாருங்கள். தலைவர், துணைத் தலைவர். மாநில அரசு, ரயில்வே, பாதுகாப்பு அமைச்சகம், சுங்கம் சார்பில் ஒவ்வொருவர். ஒன்றிய அரசு நியமிக்கும் அதிகாரி ஒருவர். சுயேச்சை உறுப்பினர் இரண்டு முதல் நான்கு பேர். தொழிலாளர் சார்பில் இருவர். மும்பை மாநகராட்சிக்கு இடம் இல்லை. மாஹுல் காற்றை அளப்பவருக்கு இடம் இல்லை. பழைய கட்டண ஆணையமும் போய்விட்டது. இனிக் கட்டணத்தை வாரியமே வைத்துக்கொள்ளலாம். ஸசூன் டாக் முதல் வடாலா வரை ஏறத்தாழ 1,800 ஏக்கர் நிலம் இந்த வாரியத்தின் கையில். நகரத்தின் கிழக்குக் கரை அது. அதில் யாருக்கு என்ன வாடகை என்று உச்ச நீதிமன்றம் வரை போய் 2004-இல் தீர்ப்பு வந்தது. பூங்காவா, ஹோட்டலா, வீடா என்பதை முடிவு செய்யும் திட்ட அதிகாரமும் 2018 முதல் துறைமுகத்துக்கே.

சென்னைக்காரர்களுக்கு இந்தக் கூத்து புதிதல்ல. துறைமுகத்திலிருந்து மதுரவாயலுக்குப் பறக்கும் சாலை. 2009 ஜனவரியில் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். கூவத்தில் தூண் வருகிறது என்று 2012-இல் மாநில அரசு வேலையை நிறுத்தியது. தூண்கள் பத்தாண்டு வெயிலில் நின்றன. 2022 மே மாதம் மோடி மறுபடி அடிக்கல் நாட்டினார். துறைமுகம் தில்லியுடையது, அதன் வாசலில் தொடங்கும் சாலை ஊருடையது. இடையில் கன்டெய்னர் லாரிகள் இராயபுரத்திலும் எண்ணூர் நெடுஞ்சாலையிலும் இராப்பகலாக நின்றன. நிலக்கரித் தூசியைப் பற்றி வடசென்னை மக்கள் போராடி, உயர் நீதிமன்றம் 2011-இல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் கையாளக் கூடாது என்றது. நிலக்கரி எண்ணூருக்கு நகர்ந்தது. எண்ணூரில் ஆள் குடியில்லையா என்று கேட்காதீர்கள்.

மாநிலங்கள் கேட்காமலும் இல்லை. இந்தியத் துறைமுகங்கள் மசோதாவின் வரைவு வந்தபோது, சிறு துறைமுகங்கள் மீதான மாநில உரிமை பறிபோகும் என்று 2021 ஜூனில் மு.க.ஸ்டாலின் மற்ற கடலோர மாநில முதல்வர்களுக்குக் கடிதம் எழுதினார். 2025-இல் 1908-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய துறைமுகச் சட்டம் நிறைவேறியது. 1997 முதல் வெறும் ஆலோசனை மன்றமாக இருந்த கடல்சார் மாநில வளர்ச்சிக் கவுன்சிலுக்குச் சட்ட அந்தஸ்து கொடுத்தது. மாநிலத்துக்கு ஒரு நாற்காலி கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். அந்த மாநிலமும் ஊருக்காகப் பேசும் என்று நம்ப எனக்குத் தெம்பில்லை. பால்கர் மாவட்டத்து வாட்வன் துறைமுகத்தைப் பாருங்கள். 2024 ஜூனில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல். 76,220 கோடி ரூபாய். 74 பங்கு ஜவாஹர்லால் நேரு துறைமுகத்துக்கு, 26 பங்கு மகாராஷ்டிர மாரிடைம் போர்டுக்கு. ஒன்றியமும் மாநிலமும் கைகோத்த உதாரணம் என்று பேச்சு. அங்கே மீன்பிடிப்பவர்கள் பல ஆண்டுகளாக எதிர்த்து நிற்கிறார்கள். நூறு பங்கில் அவர்களுக்கு ஒன்றுகூட இல்லை. குமரி மாவட்டத்தில் இனயம் துறைமுகத்துக்கு எதிராக எழுந்த குரலும் இதே குரல்தான்.

நாட்டுக்கு ஆழ்கடல் துறைமுகம் வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். நம் சரக்கில் கப்பல் மாற்றி ஏற்ற வேண்டியதில் ஏறத்தாழ முக்கால் பங்கு கொழும்பு, சிங்கப்பூர், கிளாங் என்று வெளிநாட்டுத் துறைமுகங்களில் கைமாறுகிறது. அந்தச் செலவும் கடைசியில் தாராவி, திருப்பூர்க்காரர் தலையில்தான். 2025 மே மாதம் விழிஞ்ஞம் திறந்ததில் எனக்கு மகிழ்ச்சியே. துறைமுகம் வருவதை எதிர்க்க நான் இங்கே நிற்கவில்லை. துறைமுகம் சோறு போட்ட குடும்பம் என்னுடையது.

என் கோரிக்கை சிறியது. சியாட்டில் போல நம் துறைமுகத் தலைவரை வாக்களித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று சொன்னால் சிரிப்பீர்கள். 2021 சட்டத்தின் மூன்றாம் பிரிவில் ஒரு வரி சேர்த்தால் போதும்: துறைமுகம் அமைந்த ஊரின் மாநகராட்சியோ உள்ளாட்சியோ அனுப்பும் ஓர் உறுப்பினர் வாரியத்தில் இருக்க வேண்டும். பாவுச்சா தக்கா லாஞ்ச் ஒரு நாளாவது அந்தக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் வரும். பீர்பா குழாயில் எத்தனை ஆவி கசிந்தது என்று ஒருவராவது கேட்பார். கிழக்குக் கரை நிலத்தில் நடக்க நமக்கு ஒரு பாதை கிடைத்தாலும் கிடைக்கும். சுங்கக் கேள்வியால் ஏற்பட்ட தாமதத்துக்கு டெமரேஜும் டிடென்ஷனும் வாங்கக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அது தாராவிக்காக. இரண்டுக்கும் நாடாளுமன்றம்தான் வழி. இந்தப் பகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்கு மனு எழுதுங்கள், மராத்தியில் எழுதுங்கள், மாஹுல் கோலிகளின் கையெழுத்தையும் வாங்கிச் சேர்த்து எழுதுங்கள். வரைவு எழுதித் தர நான் இருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் வந்து பாருங்கள்.